பதினேழாம் கிண்ணம்

ஆஸ்பத்திரியில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி கேலி, பாதி மரியாதை. புதிதாக வந்தவர்கள் தராசம்மா என்றார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அட்டை மேஜை இழுப்பறையில் கிடந்தது.

கண்புரை அறுவை நடப்பது மூன்றாம் மாடியில். ஆய்வுக்கூடம் அடித்தளத்தில், சலவை அறையை ஒட்டி. மேலே கண்ணிலிருந்து முழுசாக எடுக்கிற புரை விழுந்த வில்லைகளில் சில, மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பிகளில் கீழே வரும். ஒரு கடலை அளவுதான் இருக்கும். சிலது மஞ்சள், சிலது பழுப்பு, சிலது கொதித்த டீத்தூள் நிறம்.

அந்த வில்லைக்குள் எந்த உப்பும் உலோகமும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது தராசின் வேலை. எண் பொறித்த சின்னக் கிண்ணம் ஒன்றை முதலில் வெறுமனே எடை போடுவாள். வில்லையை அதில் வைத்து இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் காயவிட்டு மறுபடி எடை போடுவாள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வில்லையின் எடை. முப்பது மில்லிகிராம் தேறும். பிறகு அமிலம் விட்டுக் கரைத்து மிஷினுக்குக் கொடுப்பாள். மிஷின் சோடியம் இவ்வளவு, பொட்டாசியம் இவ்வளவு, கால்சியம், துத்தநாகம், செம்பு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். அதை வில்லையின் எடையால் வகுத்தால் முடிந்தது. கரைத்த வில்லையை யாரும் திரும்ப எடை போட முடியாது.

தெளிந்த வில்லையில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. புரை முற்ற முற்ற அது தலைகீழாகும். சோடியம் உள்ளே வரும், பொட்டாசியம் வெளியே போகும், கால்சியம் படியும். இதெல்லாம் பழைய செய்தி. பழுப்பு ஏற ஏறத் துத்தநாகமும் செம்பும் என்ன ஆகின்றன என்பதில்தான் ஆளுக்கொன்று சொன்னார்கள். டாக்டரம்மாவுக்கு அது தெரிய வேண்டும். அறுபது வில்லை வேண்டும் என்றார். இருபது மாதத்தில் நாற்பத்து மூன்று முடிந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா கீழே இறங்கி வந்தார். அவர் கீழே வருவது அபூர்வம். கையில் தாள்கள் இருந்தன. சமீபத்திய வில்லைகளில் ஒன்பதில் சோடியம் இருக்கவேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கிறது என்றார். போன வாரமே மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அரை நாள் மிஷினின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இது என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லி மூடிவிட்டார்.

"அப்போ தப்பு மேலதான் நடக்குது," என்றார் டாக்டரம்மா. "எடுத்த வில்லைய சலைன்ல அலசிட்டுக் குப்பியில போடுறாங்க. சலைன்னா உப்புத் தண்ணி. சோடியம் ஏறாம என்ன செய்யும்?"

வில்லையைக் குப்பியில் போடும் நர்ஸ் ஒருத்திதான். தராசின் நாத்தனார்.

டாக்டரம்மாவுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் முதலில் இங்கே வந்ததாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை கடிதம் போய்விடும். அவளை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரித் துணி ஸ்டோரில் போடப்போகிறார்கள். சொல்லி முடித்ததும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பிலிருந்து கால்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டார். காலையிலிருந்து பதினான்கு கண்கள் பார்த்திருந்தார்.

தராசு தலையை மட்டும் அசைத்தாள்.

வீட்டில் மூன்று பேர். தராசு, அவள் கணவர், கணவரின் தங்கை. புருஷன் இறந்த வருடம், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நாத்தனார் வந்தாள். பதினொரு வருடம் ஆயிற்று. இரண்டு மாதம் இன்னும் முடியவில்லையா என்று அண்ணன் வருடத்துக்கொரு முறை கேட்பார். முடிந்ததும் சொல்லியனுப்புகிறேன் என்பாள்.

அன்று சாயங்காலம் தராசு வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி அவளுக்கு மத்தியானமே எட்டிவிட்டது. அண்ணனுக்கும் சொல்லியாயிற்று. அவர் சமாதானம் சொல்லப் பார்த்தார். துணி ஸ்டோரில் உட்கார்ந்தே வேலை, முட்டிக்கு நல்லதுதானே என்றார்.

"உன்கிட்டருந்து பஸ்ஸைப் பிடுங்கிட்டு டிக்கெட் கிழின்னு விட்டிருந்தா உன் முட்டிக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

நாத்தனார் தராசின் பக்கம் திரும்பினாள். "நான் கழுவல அண்ணி. குப்பியத் திறக்குறேன், உள்ள போடுறேன், மூடுறேன். அவ்வளவுதான்."

"தெரியும்," என்றாள் தராசு.

"தெரியுமா?"

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள் என்பதே சரி. பிறகு வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

போன வருடம் ஒரு நாள், சமையலறையில், ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்புங்க அண்ணி என்று அவள் சொன்னாள். தராசு திரும்பினாள். நாத்தனார் பார்த்துவிட்டு, மாடிக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றாள். ஊரார் வில்லையெல்லாம் எடை போடுகிறேன், என்னுடையதையும் நானே போடவேண்டுமா என்று சிரித்துத் தராசு தட்டிக் கழித்தாள். நாத்தனார் மறுபடி கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் புரை பார்க்கிறவள். இரண்டு முறை கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

தராசுக்கும் தெரியாமல் இல்லை. தெருவிளக்குகள் கொஞ்ச நாளாக மயிர் முளைத்ததுபோல் தெரிந்தன. எதிரே வரும் பஸ்ஸின் எண் பக்கத்தில் வந்தபிறகுதான் எண்ணாக மாறியது. வெள்ளைச் சுவர் பழைய காகிதமாக இருந்தது. அறுபது வில்லை முடியட்டும், பிறகு போய்க் காட்டலாம் என்று வைத்திருந்தாள். நடுவில் போனால் மேஜையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். வேறு யாராவது வந்து உட்கார்வார்கள். மீதி பதினேழு. ஏழெட்டு மாதம். இருபத்தாறு வருடம் பார்த்த கண் எட்டு மாதம் பார்க்காதா என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அறையில் யாரும் இல்லாதபோது டாக்டரம்மா விட்டுப்போன தாள்களை எடுத்தாள். நாளிதழ் படிக்க வாங்கிய பூதக்கண்ணாடியை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சோடியத்தின் வரிசையை மட்டும் சிவப்பில் சுழித்திருந்தார். தராசு மற்ற வரிசைகளைப் பார்த்தாள். அந்த ஒன்பது வில்லைகளிலும் பொட்டாசியமும் கூடியிருந்தது. கால்சியமும். துத்தநாகமும் செம்பும்கூட. எல்லாம் ஒரே அளவில், ஐந்தில் ஒரு பங்கு. வேறு ஐந்து வில்லைகளில் எல்லாமே ஒன்றுபோலக் குறைந்திருந்தன. அவற்றை யாரும் சுழிக்கவில்லை.

உப்புத் தண்ணீரில் அலசினால் சோடியம் ஏறும். செம்பு ஏன் ஏற வேண்டும்? எல்லாம் சேர்ந்து ஏறுகிறது, எல்லாம் சேர்ந்து இறங்குகிறது என்றால், எல்லாவற்றையும் எதனால் வகுத்தோமோ அதுதான் தப்பு. எடை.

ஒரு வெற்றுக் கிண்ணத்தை எடைக்கருவிக்குள் வைத்து, கண்ணாடிக் கதவை மூடி எடை போட்டாள். சின்னத் திரையில் சாம்பல் நிறப் பின்னணியில் கொஞ்சம் கறுப்பான எண்கள் எழுந்தன. புள்ளிக்குப் பின்னால் நான்கு இடம். மூன்றாம் இடத்தில் ஒரு மூன்று. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எட்டு. கண்ணைக் கொட்டிவிட்டுப் பார்த்தாள். மூன்று. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். எட்டுதான். எட்டின் இடப்பக்கக் குச்சிகள் இரண்டும் அவள் கண்ணுக்குள் எங்கேயோ கரைந்து போயிருந்தன.

இரண்டாம் இடத்தில் அப்படித் தப்பினால் வில்லையே காணாமல் போகும், இல்லை ஒன்றுக்கு மூன்றாக நிறுக்கும். அப்படிச் சில தடவை நடந்தது. அப்போதெல்லாம் களைப்பு என்று சொல்லிக்கொண்டு திரும்ப எடை போட்டிருந்தாள். மூன்றாம் இடத்தில் தப்பினால் ஐந்து மில்லிகிராம். முப்பது இருபத்தைந்தாகும், இல்லை முப்பத்தைந்தாகும். பார்க்கச் சரியாகவே இருக்கும். யாரும் கேட்கமாட்டார்கள்.

எடையை அச்சடிக்கும் பெட்டி ஒன்று எடைக்கருவியோடு வந்தது. பழுதாகி இரண்டு வருடம் ஆயிற்று. சரிசெய்ய ஆள் அனுப்பட்டுமா என்று அப்போது கேட்டார்கள். எனக்கெதற்குப் பெட்டி என்று சொன்னவள் அவளேதான்.

செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை. புதன்கிழமை மாடி வரைக்கும் போனாள். டாக்டரம்மாவின் அறை வாசலில் பெஞ்சு நிறையக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளையும் ஒரு நோயாளி என்று நினைத்து ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் திரும்பிவிட்டாள். மூன்று மாடி இறங்கும்போது ஒவ்வொரு படியின் விளிம்பையும் காலால் தேடினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். நாத்தனாரின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. தியேட்டரில் போடும் ரப்பர் செருப்பு, இரண்டு தொப்பி, அலமாரியில் வைத்திருந்த சீப்பு, முட்டிக்குக் கட்டும் பட்டை. கடிதம் வருமுன்பே காலி செய்துவிட்டாள். நாளைக்கு யாரோ பார்த்துக்கொண்டிருக்க எடுப்பதைவிட இது மேல் என்றாள். பையிலிருந்து ஒரு செருப்பின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தேய்ந்து, ஒரு பக்கம் சரிந்து, அவள் நடையைப் போலவே இருந்தது.

இரண்டு நிறுத்தம் போயிற்று.

"எடைதான் தப்பு," என்றாள் தராசு. "நீ கழுவல. நான் எட்டை மூணுன்னு எழுதியிருக்கேன்."

நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "ம்."

"உனக்குத் தெரியுமா?"

"கண்ணு தெரியும். எடை எனக்கெப்படித் தெரியும்?"

"சந்தேகமாவது வந்திருக்குமே. ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? நான் ஒழுங்கு, எங்க அண்ணிக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சுன்னா?" நாத்தனார் செருப்பைப் பைக்குள் தள்ளினாள். "அப்புறம் அந்த வீட்டுல எப்படிச் சோறு திங்கிறது?"

தராசு முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கும் இடம் வந்தபோது நாத்தனார் முதலில் இறங்கி, படிக்குக் கீழே நின்று, கையை நீட்டினாள். தராசு பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒரு வருடமாகத் தினமும் அப்படித்தான் நடக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாத்தனாரின் முட்டிக்காகத் தான்தான் கை கொடுப்பதாக நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வெளி நோயாளிகள் வருமுன் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். நின்றுகொண்டே சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். டாக்டரம்மா எழுந்து வந்து, கைவிளக்கை எடுத்து அவளுடைய இரண்டு கண்களையும் பார்த்தார். பார்த்துவிட்டு விளக்கை அணைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதே கட்டிடத்துல," என்றார். "இத்தனை கண் டாக்டருங்க இருக்கிற கட்டிடத்துல."

கோபமாகச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. பிறகு அவருக்கு வேறு கவலை வந்தது. எந்த வில்லையிலிருந்து தப்பு? நாற்பத்து மூன்றும் போச்சா, கொஞ்சமாவது தேறுமா? எப்போதிருந்து சரியாகத் தெரியவில்லை என்று கேட்டார். தராசு நான்கு மாதம் என்றாள். சொல்லும்போதே அதற்கு ஆதாரம் எதுவுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. புரை ஒரு தேதியில் விழுவதில்லை.

"கிண்ணம் இருக்கு மேடம்," என்றாள். "வில்லையத்தான் கரைச்சாச்சு. கிண்ணம் நாற்பத்து மூணும் கழுவி வரிசையா வச்சிருக்கேன். வெறுங்கிண்ணத்தோட எடை மாறாது. மறுபடி போட்டு என் நோட்டோட ஒத்துப் பார்த்தா, எங்கருந்து தப்புன்னு தெரியும்."

"யார் படிக்கிறது?"

"சிஸ்டரை அனுப்புங்க."

நாத்தனார் அடித்தளத்துக்கு அதுவரை வந்ததே இல்லை. குழாய்கள் ஓடும் கூரையை அண்ணாந்து பார்த்தாள். சலவை மிஷின்களின் அதிர்வைக் கேட்டாள். இருபத்தாறு வருடமாக இந்தப் பொந்திலா இருக்கிறீர்கள் என்றாள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, மூச்சை மெதுவாக விடச் சொல்லி, தராசு அவளைத் தன் ஸ்டூலில் உட்கார வைத்தாள். கிண்ணத்தை இடுக்கியால் எடுத்து உள்ளே வைத்துக் கதவை மூடுவது தராசு. திரையைப் படிப்பது நாத்தனார். புதுத் தாளில், பேனா மையில், பெரிய எழுத்தில் எழுதுவது தராசு. டாக்டரம்மா பழைய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்த்தார்.

ஒன்று சரி. இரண்டு சரி. பத்து வரை சரி. நாத்தனார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுபோல ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை படித்தாள். பதினாறு வரை எல்லாம் சரியாக இருந்தது. தராசுக்கு மெல்ல நம்பிக்கை வந்தது. முப்பத்து மூன்றோ முப்பத்து நான்கோ வரை தாண்டிவிடும். பத்து வில்லை போகும். போகட்டும்.

பதினேழாம் கிண்ணத்தை வைத்தாள்.

"நாலு புள்ளி ரெண்டு ஒண்ணு எட்டு ஆறு," என்று நாத்தனார் படித்தாள்.

டாக்டரம்மா நோட்டில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். தராசு எழுதிவிட்டுக் காத்திருந்தாள்.

"இன்னொரு தடவை."

"நாலு புள்ளி ரெண்டு ஒண்ணு. எட்டு. ஆறு."

"இங்க மூணு இருக்கு," என்றார் டாக்டரம்மா. நோட்டில் தேதியைப் பார்த்தார். "பதிமூணு மாசம்."

பதின்மூன்று மாதம். ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னதற்கும் முந்தி. தெருவிளக்குக்கு மயிர் முளைப்பதற்கும் முந்தி. தன் கண்ணைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லாமல் இருந்த நாட்களில் ஒரு நாள், இதே ஸ்டூலில் உட்கார்ந்து, நிமிர்ந்த முதுகோடு, திருத்தமான கையெழுத்தில் மூன்று என்று எழுதியிருந்தாள். அடித்தல் திருத்தல் இல்லை.

நிறுத்த வேண்டாம் என்று டாக்டரம்மா கையைக் காட்டினார். கடைசி வரை போட்டார்கள். மத்தியானம் ஆயிற்று. பதினேழிலிருந்து நாற்பத்து மூன்று வரை பதினொரு கிண்ணம் தப்பு, பதினாறு சரி.

சரியான பதினாறையாவது வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரம்மா கேட்டார். கேட்ட குரலிலேயே பதில் அவருக்குத் தெரியும் என்பது தெரிந்தது.

"வெறுங்கிண்ணம் சரி," என்றாள் தராசு. "வில்லையோட சேர்த்துப் போட்ட எடைய நான் என்னன்னு பார்த்தேனோ. அது எனக்கே தெரியாது மேடம்."

டாக்டரம்மா பேனாவை அவளிடம் நீட்டினார். தராசு நோட்டில் பதினாறுக்குக் கீழே அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே தேதியும், எடை நம்பத்தக்கதல்ல என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். இருபத்தேழு வில்லை. இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. மறுபடி கேட்டால் கொடுக்க அந்தக் கண்ணில் யாருக்கும் இன்னொரு வில்லை இல்லை.

டாக்டரம்மா தன் பையிலிருந்து நாத்தனாரைப் பற்றிய கடிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் ஒரு காலுக்கு அடியில் செருகினார். சிஸ்டர், திங்கட்கிழமை ஏழு மணிக்குத் தியேட்டர் என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நாத்தனாரும் எதிர்பார்க்கவில்லை. சரிங்க மேடம் என்றாள். செருப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேனே என்றாள்.

டாக்டரம்மா வாசல் வரை போய்த் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை வெறும் வயித்தோட வாங்க. இடது கண்ணு முதல்ல."

அச்சடிக்கும் பெட்டியைச் சரிசெய்ய மறுநாளே ஆள் வந்தார். பத்து நிமிட வேலைதான் என்றார்.

செவ்வாய்க்கிழமை, பச்சைத் துணிக்கு அடியில் தராசு படுத்திருந்தாள். துணியில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேலே ஒரு விளக்கு. ஊசி போட்ட கண்ணில் வலி இல்லை, யாரோ தூரத்து அறையில் மேஜையை நகர்த்துவதுபோல ஒரு அசைவு மட்டும். அந்த அறையைப் பற்றி இருபத்தாறு வருடமாகக் கேட்டிருக்கிறாள். இப்போதுதான் உள்ளே வருகிறாள். ரப்பர் செருப்பு ஒன்று ஒரு பக்கம் இழுத்து இழுத்து நடந்தது.

பிறகு விளக்கு மாறியது. மஞ்சள் போய் நீலம் கலந்த வெள்ளையாக நின்றது. மஞ்சள் விளக்கு என்று இவ்வளவு நேரம் நினைத்திருந்தாள்.

ஒரு குப்பியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர்ச் சத்தம் ஏதும் கேட்கவில்லை.

"கழுவினியா?" என்றாள் தராசு, துணிக்கு அடியிலிருந்து.

"கழுவல அண்ணி."

"என்ன நிறம்?"

நாத்தனார் குப்பியை விளக்குக்கு நேரே பிடித்திருக்க வேண்டும். செருப்பு ஒரு அடி நகர்ந்தது.

"டீத்தூளு."

பேசினால் தலை அசைகிறது, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள் என்றார் டாக்டரம்மா. தராசு பேசாமல் படுத்திருந்தாள். முப்பத்தைந்து மில்லிகிராம் இருக்கும் என்று நினைத்தாள். வேறு யாராவது பார்த்துச் சொல்வார்கள்.